இறங்காத வளையல்

பெரியவர்கள் உட்கார நாற்காலி இல்லை என்று ஆயா எல்.கே.ஜி. அறையிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து வராந்தாவில் போட்டுவிட்டுப் போனாள். அதன் விளிம்பில் ஏதோ ஒரு பிள்ளை மூக்கைத் துடைத்துக் காய்ந்த தடம் இருந்தது. சங்கரவடிவு அதைப் பார்த்தாள், பார்க்கவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள், துப்பட்டாவின் முனையை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் அந்தத் தடம் எந்த இடத்தில் தன்னைத் தொடுகிறது என்று தொடைக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் நெஞ்சை முட்ட உட்கார்ந்திருக்கிறோம், எதிரே சுவரில் ஆப்பிளுக்குக் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்கவைத்திருக்கிறார்கள், அந்த ஆப்பிளுக்குப் பல் வேறு. பினாயில் நெடி. அதற்கு அடியில் மூத்திரம். அதற்கும் அடியில், மணி பன்னிரண்டுகூட ஆகாமல் எவனோ திறந்துவிட்ட டப்பாவின் புளிச்சோறு. ஜெபா மிஸ் பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தாள். பரிதியின் வகுப்பு மிஸ். மூடிய கதவுக்குப் பின்னால் யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள், சிரிக்கிறாள். நேற்றும் போனில் இப்படித்தான் கடைசியில் சிரித்தாள். "பரிதி அம்மா, பயப்படாதீங்க, பெருசா ஒண்ணுமில்ல. ஆனா ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. அந்த ஜெனிலா பிள்ளைய அடிச்சிட்டான். கம்மல் குத்தி காதுல ரத்தம். அவங்க அப்பா வந்து நிக்காரு. அது கெடக்கட்டும், இவன் அடிக்கதுக்கு முன்னாடி கையில என்னவோ பண்ணுதான் பாத்துக்கிடுங்க. இந்தக் கையால அந்தக் கைய மணிக்கட்டுல பிடிச்சு முழங்கை வரைக்கும் தள்ளுதான். சட்டைக் கைய ஏத்துதானோன்னு பாத்தா போட்டிருக்கது அரைக்கை சட்டை. தள்ளிட்டு பளார்னு ஒண்ணு. அடிச்ச பெறகு தூக்குன கை தூக்குனபடி நிக்கான், அடுத்து என்ன செய்யணும்னு தெரியாத மாதிரி. இப்ப கிளாஸ்ல எல்லாம் அப்படித்தான் அடிக்குதுவ. இவன்ட்ட படிச்சு." பிறகு அந்தச் சிரிப்பு. போனைக் காதில் வைத்தபடியே சங்கரவடிவு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் எதைத் தள்ளுகிறான் என்று மிஸ்ஸுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஐந்தரை வயது ஆண்பிள்ளை, இல்லாத வளையலை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டு அடிக்கிறான்.

கண்ணாடி வளையல். சங்கரவடிவின் அம்மாவுக்கு வலது கையில் எட்டு, பச்சை. உடைந்தால் வீட்டுக்கு ஆகாது என்று அம்மா நம்பினாள், பிள்ளை முதுகில் பட்டு உடைந்தாலும் சேர்த்துத்தான். ஆகவே அடிக்கும் முன் இடது கையால் எட்டையும் ஒன்றாகத் திரட்டி, சதை பிடித்து நிற்கும் இடம் வரைக்கும் மேலே ஏற்றுவாள். சளக். அந்தச் சத்தத்துக்கும் அடிக்கும் நடுவே அரை மூச்சு இருக்கும். அந்த அரை மூச்சில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும், நாக்கை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. அக்கா செண்பகத்துக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடித்து முடித்ததும் அம்மா கையைக் கீழே தொங்கவிட்டு ஒரு உதறு உதறுவாள், எட்டு வளையலும் சலசலவென்று மணிக்கட்டுக்கு இறங்கும். அவ்வளவுதான், முடிந்தது. "போ, போய் மூஞ்சியக் கழுவிட்டு வா." இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விடலாம். ஒரு தடவை ஏற்ற மறந்து அடித்து, ஒன்று உடைந்து அக்காவின் புருவத்தில் கீறிவிட்டது. அம்மா குனிந்து பொறுக்கியதும் கண்ணீர் விட்டதும் துண்டுகளுக்காக. அக்கா புருவத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவோடு சேர்ந்து துண்டு பொறுக்கினாள். இதை எங்கே போய்ச் சொல்வது, எந்த மிஸ்ஸிடம் சொல்வது, சொன்னால் சிரிக்கமாட்டாளா. அம்மா இறந்த வருஷம் அக்காவுக்குப் பத்தொன்பது, இவளுக்கு ஒன்பது. ரேஷன் கார்டு, அடுப்பு, அப்பாவுக்கு வெந்நீர், எல்லாம் அக்கா கைக்கு வந்தன, வளையலும் வந்தது. முதன்முதலாக அக்கா அதைச் செய்த நாள் நினைவிருக்கிறது. கணக்கில் தப்பு, ஸ்லேட்டைக் கீழே போட்டதும் தப்பு. அக்காவின் முகத்தில் கோபமே இல்லை. புதுப்புடவை கட்டிப் பார்க்கிறவள் மாதிரி, சரியாக வருகிறதா என்று பார்க்கிறவள் மாதிரி, மெதுவாக ஏற்றினாள். சளக். பிறகு அடித்தாள். பிறகு உதறினாள். ஒன்றையும் விடவில்லை.

அதே வருஷம், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம், அதே வருஷம் பக்கத்து வீட்டு மைக்கேலின் தங்கை, மூன்று வயது, எப்போதும் ஒழுகுகிற மூக்கு, அதை இவள் வாசலில் வைத்து அறைந்தாள். ரப்பர் வளையல் இரண்டுதான் கையில். அதை ஏற்றிக்கொண்டுதான் அறைந்தாள். ரப்பர் உடையாது, ஏற்ற ஒரு அவசியமும் இல்லை. ஆனால் ஏற்றாமல் அடிக்கலாம் என்றே தோன்றவில்லை. அந்தப் பிள்ளையின் கன்னம் உள்ளங்கையில் சூடாக ஒட்டிய அந்த நொடியில், வயிற்றுக்கடியிலிருந்து ஒரு இனிப்பு ஏறி வந்ததே, அது என்ன இனிப்பு. முப்பத்தொன்பது வருஷம் கழிந்தும் நாக்கில் இருக்கிறது. பிறகு கையில் மூக்குச்சளி ஒட்டியிருந்தது, பாவாடையில் துடைத்தாள். அந்தத் தடம் இந்த நாற்காலித் தடம் மாதிரியேதான். அவள் எழுந்து நின்றாள். துப்பட்டாவை உதறினாள். மறுபடி உட்கார்ந்தாள்.

நேற்றே போனில் மிஸ்ஸிடம் சொன்னதை இன்று காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்த அக்காவிடமும் சொல்லியாகிவிட்டது. மஸ்கட்டிலிருந்து திரும்பி, இவளும் பிள்ளையும் பாளையங்கோட்டையில் அக்கா வீட்டில் வந்து தங்கி எட்டு மாதம். கணவர் அங்கே ஒப்பந்தத்தை முடித்துவிட்டு அடுத்த ஆடியில் வருவார். அதுவரைக்கும் ஒன்றாக இருக்கலாம் என்று வந்தது. "அக்கா, நீ இனிமே பரிதி பக்கத்துல வராத. ஒண்ணாந்தேதிக்கு வேற வீடு பாத்துட்டேன்." கரண்டி நின்றது. வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த பரிதி நிமிர்ந்தான். "என்னட்டி சொல்லுத." "அவனுக்கு வளையல் ஏத்திட்டு அடிக்கதுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? ஸ்கூல்ல அப்படித்தான் அடிக்கானாம்." அக்கா அடுப்பை அணைத்தாள். "நான் அவன் மேல ஒரு விரல வெச்சதில்லட்டி. உன்ன அடிச்சேன், அது நெசம், இல்லைங்கல. அவன அடிக்கல." "பின்ன யாருக்கா? சொல்லு. எனக்கு வளையல் இருக்கா?" என்று இரண்டு கையையும் அக்கா முகத்துக்கு நேரே நீட்டினாள். இருபத்திரண்டு வருஷம் வெறுங்கை. கல்யாண வளையலைக்கூடப் பெட்டியில் போட்டுவிட்டு விமானம் ஏறியவள். அக்கா அந்த மணிக்கட்டுகளையே வெகுநேரம் பார்த்தாள். "இல்ல," என்றாள். "உனக்கு வளையல் இல்லதான்." தோசை கருகிவிட்டிருந்தது. அதை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். ஏன் அப்படிப் பார்த்தாள். குற்றமுள்ளவள் அப்படிப் பார்க்கமாட்டாள், கத்துவாள், அக்காவுக்குக் கத்தத் தெரியும், கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் கத்தியவள். ஆனால் அவளில்லாமல் யார். பிள்ளை தடுக்கி விழுந்தால் தரையை அடிக்கிறவள் அவள்தானே. வந்த முதல் வாரமே முற்றத்தில் விழுந்தான், முட்டி சிராய்ப்பு. அக்கா ஓடிப்போய்த் தூக்கி, "எம்புள்ளையையா தள்ளிவிட்ட? இந்தா, இந்தா! நீயும் ரெண்டு போடு ராசா" என்று அவன் உள்ளங்கையைப் பிடித்துத் தரையில் அடிக்கவைத்தாள். அவன் அழுதுகொண்டே அடித்தான், அடித்துக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பு இவளுக்கு அருவருப்பாக இருந்தது, கன்னமெல்லாம் கண்ணீர், மூக்கில் குமிழி, பல் தெரியச் சிரிப்பு. "தரை என்னக்கா பண்ணுச்சு?" "தரைக்கு வலிக்கவாட்டி போகுது? பிள்ளைக்கு அழுக நிக்கணும்லா." அப்புறம் நாற்காலி, கதவு, பூனை. தெருவில் போகிற மளிகைக்கடைக்காரர் வேறு, "எங்க, மாமாவ ஒரு அடி அடி பாப்போம்" என்று கன்னத்தை நீட்டுவார். அடித்தால், ஆகா, கை என்ன வேகம், பெரிய ரவுடியா வருவான் என்று கடை முழுக்கச் சிரிப்பு. இந்த ஊரே ஒரு பிள்ளைக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுச் சாக்லேட்டும் கொடுக்கிறது. அவள் மட்டும்தான் கொடுக்கவில்லை. அவள் மஸ்கட்டில் பெற்றோர் வகுப்புக்குப் போனவள். கோபம் வந்தால் இன்னொரு மொழிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று அங்கே ஒருத்தி சொன்னாள். ஆகவே கோபம் வந்தால் அவள் ஆங்கிலம்தான். நோ ஹிட்டிங், பரிதி. வீ டோன்ட் ஹிட். ஃபிரிட்ஜைத் திறந்த மாதிரி ஒரு குரல். தமிழில் வாயைத் திறந்தால் அம்மா வந்துவிடுவாள் என்று அந்தக் கதவை மட்டும் சாத்தியே வைத்திருக்கிறாள்.

மணி அடித்தது. இடைவேளை. எதிரே ஜன்னல் கம்பிக்கு அப்பால் யு.கே.ஜி. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து டப்பாக்களைத் திறந்தார்கள். பரிதி தெரியவில்லை, அவனைத் தனியாக உட்காரவைத்திருப்பார்கள். நூடுல்ஸை ஒருவன் கையால் அள்ளித் தலைக்குமேல் பிடித்து வாய்க்குள் இறக்குகிறான். ஒருத்தி பிஸ்கட்டை நக்கி நக்கி மறுபடி டப்பாவில் வைக்கிறாள். பிள்ளைகளை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. இரட்டை ரிப்பன் கட்டிய ஒருத்தி பக்கத்தில் இருந்தவனின் திராட்சையை எடுத்தாள், அவன் பிடுங்கினான். அவள் டப்பாவை ஓரமாக வைத்தாள். சாவகாசமாக வைத்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து முழங்கை வரைக்கும் தள்ளினாள். அரைக் கையில், ஒன்றுமில்லாத தோலில், விரல்கள் எதையோ திரட்டிக்கொண்டு போயின. சங்கரவடிவின் காதில் சளக் என்றது. கண் தானாக மூடிக்கொண்டது. நாக்கு உள்ளே போனது. திறந்தபோது அடி விழுந்து முடிந்திருந்தது, அந்தப் பையன் வாய் பிளந்து அழ மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான், ரிப்பன்காரி தூக்கிய கையோடு இருந்தாள். இன்னொருத்தி ஏற்றினாள். இன்னொருவன், சும்மா, யாரையும் அடிக்கக்கூட இல்லை, ஏற்றி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். பேன் பரவுகிற மாதிரி. அம்மா இறந்து இத்தனை வருஷம், அவளுடைய கையை இருபது பிள்ளைகள் மாட்டிக்கொண்டு திராட்சைக்குச் சண்டை போடுகிறார்கள். பார்க்கக் கூடாது, ஆனால் பார்த்தாள். ரிப்பன்காரியின் கை இன்னும் அப்படியே நின்றது. இறக்கத் தெரியாமல். ஏன் உதறவில்லை. ஒருத்தியும் உதறவில்லை, ஒருவனும் உதறவில்லை.

அம்மா உதறுவாள். அக்கா உதறுவாள். உதறாமல் முடியாது, ஏற்றிய வளையல் சதையைக் கவ்விக்கொண்டு வலிக்கும், இறக்கித்தான் ஆக வேண்டும். அதைப் பார்த்துப் படித்தவனுக்கு அதுவும் வந்திருக்கும், அந்தச் சத்தமும் வந்திருக்கும். பரிதியிடம் பாதிதான் இருக்கிறது, முடிக்கிற பாதி இல்லை. கைக்கு வேறு வேலை இல்லாமல் சங்கரவடிவு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள், வேர்க்குரு. அக்காவின் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. போன மாதம்தான், கைமூட்டு வீக்கத்துக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். தங்க வளையல் இரண்டு, வலது கையில், விருப்ப ஓய்வு பெற்ற அன்று தானே வாங்கிப் போட்டுக்கொண்டது. சோப்பு போட்டாள், தேங்காயெண்ணெய் போட்டாள், இவளே முழங்காலை ஊன்றி உட்கார்ந்து திருகினாள். மேலே ஏற்றிப் பார்த்தாள், கீழே இழுத்துப் பார்த்தாள். இம்மி நகரவில்லை. வளையலுக்கு மேலும் கீழும் சதை பொங்கி, வளையல் பள்ளத்துக்குள் கிடந்தது. மரத்தில் கட்டிய கம்பியை மரம் தின்கிற மாதிரி. "விடுட்டி, அது என்கூடயே வேகட்டும்" என்று அக்கா சிரித்தாள். ரெண்டு வருஷமா இப்படித்தான் கிடக்கு என்றும் சொன்னாள். ரெண்டு வருஷமா. அந்த வளையலை அக்கா எங்கே ஏற்றினாள். எப்படி ஏற்றினாள். அந்த வீட்டில் யாரால் ஏற்ற முடியும். வளையல் இல்லாதவளால்தான் ஏற்ற முடியும். இல்லாத வளையலை இறக்க வேண்டியதில்லை, உதற ஒன்றும் இல்லை, ஆகவே உதறலைப் பிள்ளை பார்த்ததே இல்லை. உனக்கு வளையல் இல்லதான், என்றாளே. பார்த்தாளே. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு கருகின தோசையைத் தின்றாள்.

இல்லை. ஒரே ஒரு தடவை. குளியலறையில், ஷாம்பூவை முழுக்கக் கவிழ்த்த அன்று, அதுவும் அடி இல்லை, ஒரு தட்டு. ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை, தட்டினாள். ஒன்று. பால் டம்ளரை வேண்டுமென்றே தள்ளிவிட்ட அன்று, அது தொடையில்தான், தொடையில் அடித்தால் அது வேறு. இரண்டு. மஸ்கட்டில் கார் சீட்டில் பெல்ட் போடமாட்டேன் என்று உதைத்தபோது, அந்த வெயில், பின்னால் ஹாரன், யாருக்குத்தான். மூன்று என்று வைத்துக்கொண்டாலும். பல் தேய்க்கிற இடத்தில். படிக்கட்டில். லிஃப்டில், யாரும் ஏறுவதற்கு முன். நிறுத்து. வாய் ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தது, அது நன்றாக நினைவிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் என்ன சொன்னாள், என்ன குரலில் சொன்னாள் என்பதெல்லாம் நினைவிருக்கிறது. கை என்ன செய்தது என்பது மட்டும் நினைவில்லை. பார்க்கவே இல்லை, தன் கையை யார் பார்ப்பார்கள். பார்த்தவன் ஒருவன்தான். அவன் கண் அப்போது அவள் இடுப்பு உயரத்தில் இருக்கும். கைக்கு நேரே.

"பரிதி அம்மா, உள்ள வாங்க. மன்னிச்சுக்கிடுங்க, லேட்டாயிட்டு." அறைக்குள் பெரிய நாற்காலி இருந்தது. மேஜைமேல் ஒரு வெள்ளைத்தாள், பாதி எழுதியது. பரிதி மேஜையை ஒட்டிச் சுவரோரம் தண்ணீர் பாட்டிலைக் கட்டிக்கொண்டு நின்றான். மூக்குக்குக் கீழே காய்ந்திருந்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. ஜெபா மிஸ் பேனாவைத் திறந்தாள். "வேற ஒண்ணுமில்ல, ஜெனிலா அப்பாவுக்கு ஒரு லெட்டர் மாதிரி எழுதிக் காமிச்சிட்டா அடங்கிருவாரு. வீட்ல பெரியம்மா கொஞ்சம் கண்டிப்பு, அதப் பாத்துப் பிள்ள பழகிட்டான், இனிமே தனியா வீடு மாறுதோம்னு. நீங்க நேத்து போன்ல சொன்னதத்தான் எழுதியிருக்கேன். பெரியம்மா பேரு மட்டும் சொல்லுங்க." செண்பகம். ஐந்தே எழுத்து, சொல்லிவிட்டுப் போய்விடலாம். அட்மிஷன் பாரத்தில் இந்த வீட்டில் பிள்ளையை யாரும் அடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டவள் இவள்தான், பெரியம்மா இல்லை. "பேரு..." என்றாள். அப்போது பரிதி பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி, அது கழன்று, தண்ணீர் முழுக்க மேஜையில் கொட்டியது. தாளில், மையில், அவள் மடியில்.

"பரிதி, நோ," என்றது அவள் வாய். ஜெபா மிஸ் துணி தேடிப் பின்னால் திரும்பிவிட்டாள். சங்கரவடிவு கீழே பார்த்தாள், முதன்முறையாகப் பார்த்தாள். அவளுடைய இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது. விரல்கள் ஒன்றாய்க் குவிந்து எட்டு வளையலின் கனத்தைத் திரட்டிக்கொண்டு பாதிக் கை வரைக்கும் ஏறியிருந்தன. சுவரோரம் பரிதியின் கண்கள் மூடியிருந்தன. தோள் காதுக்கு ஏறியிருந்தது. உதடு உள்ளே மடிந்திருந்தது. நாக்கை அவன் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும்.

"எழுதாதீங்க மிஸ்," என்றாள். "அக்கா இல்ல. நான்தான்."

துணியோடு திரும்பிய ஜெபா மிஸ் அந்தச் சிரிப்பைச் சிரித்தாள். "சும்மா இருங்கம்மா. அக்காவ விட்டுக்குடுக்க மனசு வரல, அதான? பிள்ளைட்ட இன்னிக்குக் காலைல கேட்டுட்டேன், 'வளையலு'ங்கான். உங்க கையில வளையலே இல்லியே."

"அவனைப் பாருங்க," என்றாள் சங்கரவடிவு.

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. மிஸ் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. மேஜை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் மூடிய கண்ணோடு அப்படியே நின்றான், வரவேண்டியது இன்னும் வரவில்லை, வந்துவிட்டால் நல்லது என்பவன்போல. முடிந்துவிட்டது என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். எந்த மொழியில் சொல்வது. அவள் வலது கையைக் கீழே தொங்கவிட்டு உதறினாள், அம்மா உதறுகிற மாதிரியே, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு. மறுபடியும் உதறினாள். ஒரு சத்தமும் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. கண்ணைத் திறக்காமல் அவன் காத்துக்கொண்டே நின்றான்.